என் மகள் கற்ற அடிதடித் தமிழ்

1

இந்த ஊருக்கு வந்து இருபது வருடம் ஆகிவிட்டது என்பதைப் போன வாரம் ஓர் அலுவலகத்தில்தான் தெரிந்துகொண்டேன். நானாக எண்ணவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண், என்னுடைய வெளிநாட்டவர் பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, விரல் விட்டு எண்ணி, "இருபது வருஷமா! அப்புறமும் உங்க பர்மியப் பேச்சு இவ்வளவுதானா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, நான் கொடுத்த புகைப்படத்தில் இடது காது சரியாகத் தெரியவில்லை, வேறு எடுத்து வாருங்கள் என்று திருப்பிக் கொடுத்தாள். போன வருடம் வலது காது. என் காதுகளில் அரசாங்கத்துக்கு இவ்வளவு அக்கறை இருக்கும் என்று கீழக்கரையில் இருந்தபோது நினைத்ததே இல்லை.

புகைப்படம் கழுவி வரும்வரை எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். நகரத்தின் நடுவில் இருக்கும் கியாக்டடாவில் பகல் வேளையில் பஸ் இரைச்சலில் எதிரில் இருப்பவன் பேசுவதே காதில் விழாது. ஆனால் டீக்கடைத் தொலைக்காட்சிக்குக் காது தேவையில்லை. ஹாங்காங்கிலிருந்து வரும் குங்ஃபூ சிரிப்புப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒல்லியான ஒருவன் ஏணியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து முப்பது பேரை அடித்தான். அந்த முப்பது பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் ஒரு நிமிடத்தில் படம் முடிந்துவிடும். பாய மாட்டார்கள். ஒருவன் அடி வாங்கி விழுந்து முடிக்கும்வரை அடுத்தவன் பொறுமையாகக் காலை ஆட்டிக்கொண்டு நிற்பான். பதிவுப் புத்தகத்தைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கும் எங்களைப் போலவே இருந்தார்கள்.

பக்கத்து மேசைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்தப் படங்களோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. என் ஒரே மகள் தமிழ் பேசக் கற்றுக்கொண்டது இவற்றால்தான். அந்தத் தமிழே அவள் படிப்பைக் கெடுத்துவிடப் பார்த்ததும் இவற்றால்தான்.

2

நீங்கள் வீட்டில் இட்லிக்கு ஊறப்போடும் உளுந்தை அநேகமாக நான் பார்த்திருப்பேன். ஊரில் இருந்த ஒரு பருப்பு வியாபாரிக்காகச் சரக்கின் தரம் பார்க்க வந்தவன் நான். மூன்று மாதத்தில் திரும்புவதாகத்தான் உம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். கிடங்கில் மூட்டைக்குள் குத்தூசி விட்டுப் பருப்பை எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, கல் எவ்வளவு, சொத்தை எவ்வளவு என்று சொல்வது என் வேலை. கல் கலப்பவனைக் கண்டுபிடிப்பேன். ஆனால் அவனைத் திட்ட எனக்கு மொழி இருக்காது. சிரித்துவிட்டு வருவேன். அந்தக் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று பிறகு சொல்கிறேன்.

இதே நகரத்தில், தின்கன்ஜூன் பகுதியில் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் நிக்காஹ் ஆயிற்று. என் மனைவி ஆயிஷாவை அக்கம்பக்கத்தில் மா கின் என்றுதான் தெரியும். நாலு தலைமுறையாக இங்கே இருப்பவர்கள். அவளுடைய தமிழ் அவள் பாட்டனார் கப்பலில் கொண்டுவந்த தமிழ், நடுநடுவே பர்மியச் சொல் தூவியது. வீட்டு முன்னறையில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தாள். பிறகு கேசட் போய் விசிடி வந்தது. அலமாரி நிறைய ஒரே வகைப் படங்கள்.

"காதல் படம் ஒரு வாரம் போவும், அழுவாச்சிப் படம் ரெண்டு நாள் போவும். அடிக்கிற சிரிப்புப் படம்தான் தேயத் தேயப் போவும்" என்பாள் ஆயிஷா. அது உண்மை.

நான் பர்மிய மொழியைக் கற்றது அவளிடம்தான். இங்கே மரியாதையாகப் பேசினால் ஆண்கள் வாக்கியத்தை 'கம்யா' என்று முடிப்பார்கள், பெண்கள் 'ஷின்' என்று முடிப்பார்கள். இந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு வருடம் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களிடமெல்லாம் நான் 'ஷின்' போட்டுக் குழைந்து பேசியிருக்கிறேன். மீசை வைத்த ஒருவன் புதுப்பெண் மாதிரி பேசினால் எப்படி இருக்கும்? ஒருவர்கூடத் திருத்தவில்லை. முகத்துக்கு நேரே குறை சொல்ல இந்த ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு கூச்சம். கடைசியில் ஒரு லாரி ஓட்டுநர் தாங்க முடியாமல் சொன்னார்.

3

மகளுக்கு வீட்டில் ஃபாத்திமா, பள்ளிக்கூடத்தில் சூ சூ. நாலு வயதில் அவளுக்குப் பர்மிய மொழி தண்ணீராக ஓடியது, தமிழ் ஒரு சொல் கிடையாது. நான் பேசினால் புரிந்துகொள்வாள், பதில் பர்மியத்தில் வரும். கதை சொன்னால் எழுந்து போய்விடுவாள். பாட்டுப் பாடினால் காதைப் பொத்திக்கொள்வாள், அதில் அவள்மேல் தப்பில்லை.

ஒருநாள் மாலை ஆயிஷா கடையில் ஒரு குங்ஃபூ படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு சீன மொழி. அடியில் வரும் எழுத்து, வெள்ளைச் சட்டை மேல் வெள்ளையாக ஓடியது, யாராலும் படிக்க முடியாது. ஃபாத்திமா என் மடியில் ஏறி உட்கார்ந்து, இவன் என்ன சொல்கிறான் என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும்? திரையில் ஒரு குண்டன் கத்தினான். நான் தமிழில் சொன்னேன்:

"டேய் பூசணிக்காய்த் தலையா! என் கிடங்குக்குள்ளயே வந்து கல்லைக் கண்டுபிடிக்கிறியா? எலும்பை எண்ணிக் கையில குடுத்துடுவேன்!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து ஆறு வருடம் அதுதான் எங்கள் வழக்கம். எந்தப் படமாக இருந்தாலும் குண்டன் உளுந்தில் கல் கலக்கும் வியாபாரி. ஒல்லியன் அதைக் கண்டுபிடித்த கணக்கப்பிள்ளை. கிடங்கில் சொல்ல முடியாமல் விழுங்கியதையெல்லாம் அங்கே கொட்டினேன். மின்சாரம் இந்த ஊரில் சரியாகக் கடைசிச் சண்டை தொடங்கும்போதுதான் போகும். படம் நின்ற பிறகும் இருட்டில் நான் பேசிக்கொண்டே போவேன். அவளும் கூடவே பேசுவாள். அப்படித்தான் அவள் வாயிலிருந்து தமிழ் வந்தது.

குண்டன் அடிபட்டு ஓடும்போது எப்போதும் ஒரே வசனம்: "மறுபடி என் கண்ணுல படு. அப்ப இருக்கு உனக்கு!" ஒல்லியனின் பதிலும் ஒன்றுதான்: "வா, பாத்துக்கலாம்!" நான் காலையில் கிடங்குக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அவள் முதல் வசனத்தைச் சொல்வாள். நான் இரண்டாவதைச் சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடுவேன். மற்ற வீட்டுப் பிள்ளைகள் வாப்பாவுக்கு ஸலாம் சொல்லி வழியனுப்பும், என் வீட்டில் இப்படி.

4

நியாயமாகப் பேசினால் இந்தப் படங்களில் ஒரு நல்ல விஷயம் உண்டு. நம்மூர்க் கதாநாயகன் ஒரு குத்து விட்டால் பத்துப் பேர் பறந்து போய் விழுவார்கள், அவன் சட்டை மடிப்புக் கலையாது. இங்கே ஒல்லியன் ஓங்கிக் குத்திவிட்டு, எதிராளி திரும்பிக்கொண்டதும் கையை உதறி "ஆவ்" என்று ஊதிக்கொள்வான். அடித்தவனுக்கும் வலிக்கிறது. அவனிடம் கத்தியும் இருக்காது, காசும் இருக்காது. குடையோ பெஞ்சோ ஈரத் துணியோ, கையில் கிடைத்ததை வைத்துத் தப்பிப்பான். பாஷை தெரியாத ஊரில் பிழைக்கிறவனுக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போகாது. படம் முடிந்ததும், படம்பிடிக்கும்போது தவறிப்போன காட்சிகளைக் காட்டுவார்கள். விழுகிறான், முழங்காலைப் பிடித்துக்கொள்கிறான், சிரிக்கிறான், மறுபடி ஏறுகிறான். அதை மட்டும் நான் இன்றைக்கும் எழுந்து போகாமல் பார்ப்பேன்.

மற்றதெல்லாம் என் பொறுமையைச் சோதிக்கிறது. எல்லாப் படத்திலும் முதல் சண்டை ஒரு டீக்கடையில் நடக்கும். மேசை, நாற்காலி, சட்டி, பானை எல்லாம் தூள். கடைக்காரன் தலையில் கைவைத்துக்கொண்டு மூலையில் நிற்பான். அடுத்த காட்சியில் அவன் இருக்க மாட்டான், அவன் என்ன ஆனான் என்று ஒருவரும் கேட்பதில்லை. கதை என்று ஒன்று கட்டைவிரல் அளவுக்கு இருக்கும். பிறகு கடைசிச் சண்டை அரைமணி நேரம், பார்க்கிற நமக்கே முதுகு வலி எடுத்துவிடும். ஒரே வேடிக்கையை ஏழு தடவை செய்வார்கள், எட்டாவது தடவையும் என் மகள் சிரிப்பாள்.

5

அவளுக்குப் பத்து வயதானபோது நல்ல விசிடிகள் வந்துவிட்டன. அடியில் பர்மிய எழுத்து, கறுப்புப் பட்டைமேல் பளிச்சென்று. நான் வழக்கம்போலக் குண்டனுக்குப் பேச ஆரம்பித்தேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"வாப்பா, அவன் வியாபாரி இல்லை. ஒல்லியனோட சித்தப்பா. பச்சைக்கல் முத்திரை ஒன்று காணாமல் போயிருக்கிறது, அதைத்தான் தேடுகிறான்" என்று பர்மியத்தில் சொன்னாள். "உளுந்தே இல்லையே."

பழைய படங்களும் புது விசிடியாக வந்திருந்தன, அவற்றையும் போட்டுப் பார்த்தாள். எதிலும் உளுந்து இல்லை. எல்லாவற்றிலும் நான் பொய் சொல்லியிருக்கிறேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவாயில்லை வாப்பா, இனி எனக்கே படிக்க வரும்" என்றாள். எனக்கு அது அடியாக விழுந்தது. அதன்பிறகு வாசலில் வசனம் நின்றது. தமிழும் நின்றது. ஏழு வருடம் ஒரே வீட்டில் நான் தமிழில் கேட்க, அவள் பர்மியத்தில் பதில் சொல்ல, சாப்பாடு, பள்ளிக்கூடம், மழை என்று மூன்றே விஷயங்களில் காலம் ஓடியது.

6

போன வருடம் அவள் பத்தாம் வகுப்பு முடித்தாள், இங்கே பள்ளிப்படிப்பு அதோடு சரி. கல்லூரிகளையோ ஊருக்கு வெளியே வெகுதூரம் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அவளைக் கீழக்கரைக்கு அனுப்பி, என் அக்கா மரியம் லாத்தா வீட்டில் தங்கிப் படிக்க வைக்க ஆசைப்பட்டேன். ஃபாத்திமாவுக்கும் ஆசைதான். லாத்தா பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் தமிழாசிரியையாக இருந்தவள். "பொண்ணை வந்து பாக்குறேன். எனக்குச் சரிவரும்னா கூட்டிக்கிறேன்" என்று கடிதம் எழுதிவிட்டு, சுற்றுலா விசாவில் வந்து இறங்கினாள்.

வெளிநாட்டவர் தனியார் வீட்டில் இரவு தங்கக் கூடாது என்பது இந்த ஊர்ச் சட்டம். நான் எப்படித் தூங்குகிறேன் என்று கேட்காதீர்கள், அதற்குத்தான் காது தெரியும் புகைப்படமும் புத்தகமும். கூடப்பிறந்தவள் என் வீட்டில் ஓர் இரவு படுக்க அனுமதி கேட்டு மூன்று அலுவலகம் ஏறினேன். மூன்றாவது இடத்தில் முதல் இடத்துக்கே போகச் சொன்னார்கள். கடைசியில் லாத்தா நகரத்துக்குள் ஒரு விடுதியில் தங்கி, தினமும் காலையில் டாக்சியில் வந்து மாலையில் திரும்பினாள்.

முதல் நாள். ஸலாம் சொல்வதையும் "நல்லா இருக்கீங்களா மாமி" என்பதையும் ஆயிஷா மகளுக்குப் பத்து முறை சொல்லிக்கொடுத்திருந்தாள். அது நன்றாகவே நடந்தது. லாத்தாவின் முகம் மலர்ந்தது. எனக்கு உயிர் வந்தது.

பிறகு சாப்பாடு. லாத்தா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்று கையை எடுத்தாள். ஃபாத்திமாவுக்கு மனம் கேட்கவில்லை. இந்த ஊர்ப் பெண்கள் பெரியவர்களுக்குப் பரிமாறும் முறையில், முதுகை வளைத்து, வலது கையால் தட்டை நீட்டி, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு, அவ்வளவு பணிவாக, அவ்வளவு இனிமையாகச் சிரித்தபடி சொன்னாள்:

"ஒழுங்கா தின்னு. இல்லேன்னா எலும்பை எண்ணிக் கையில குடுத்துடுவேன்."

ஃபாத்திமா இன்னும் சிரித்துக்கொண்டே நின்றாள். வேண்டிக் கேட்டுக்கொள்வதற்கு அவளிடம் இருந்த தமிழ் அது ஒன்றுதான்.

"அமீது" என்றாள் லாத்தா. அவள் குரல் பள்ளிக்கூடத்துக் குரலாகிவிட்டது. "புள்ளைக்கு இதையெல்லாம் யாருடா சொல்லிக் குடுத்தது?"

நான் தட்டைப் பார்த்தேன். ஆயிஷா காட்டிக்கொடுத்துவிட்டாள்.

"இவுகதான் லாத்தா. படம் போட்டுப் போட்டுச் சொல்லிக் குடுத்தாக. நான் அப்பயே சொன்னேன், கேக்கல. இவுக பர்மாப் பேச்சும் அப்புடித்தான், என்கிட்டக் கத்துக்கிட்டு ரெண்டு வருஷம் பொம்பளை மாதிரிப் பேசிக்கிட்டுத் திரிஞ்சாக!"

லாத்தா கை கழுவினாள். "இந்த வாயை வச்சிக்கிட்டு நம்ம ஊர்ல, நம்ம தெருவுல எப்படிடா இருக்கும் இது?" என்று மட்டும் கேட்டாள். ஃபாத்திமாவுக்கு முழுதும் புரிந்தது. தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனவள் லாத்தா கிளம்பும்வரை வெளியே வரவில்லை. என்மேலேயே எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

7

மறுநாள் லாத்தா வந்ததும் வராததுமாக, "அந்தப் படத்தைப் போடு" என்றாள். போட்டேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற மாதிரி உட்கார்ந்தாள்.

"ஏண்டா, இந்தப் பொம்பளப்புள்ள எதுக்குப் படத்துல வருது? கத்துறதுக்கு மட்டுமா?" கொஞ்ச நேரம் கழித்து, "இத்தனை பேர் சும்மா நின்னு வேடிக்கை பாக்குறானுகளே, கூலி வாங்கலையா?" பிறகு ஒல்லியன் கையை உதறி ஊதிக்கொண்டபோது மட்டும் அவள் உதடு அசைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள்.

"நீ புள்ளைக்கு எப்படிச் சொன்னே? சொல்லு, கேப்போம்."

ஏழு வருடமாகப் பேசாத வசனம். தமிழாசிரியை முன்னால். தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடிய மட்டும் கௌரவமாக ஆரம்பித்தேன். "ஓ தம்பியே, என்னுடைய... அந்த முத்திரையை..." என்று இழுத்தேன். கதவருகே நின்றிருந்த ஃபாத்திமாவுக்குப் பொறுக்கவில்லை.

"அப்படி இல்ல வாப்பா!" தமிழ். "இவன் உளுந்துல கல்லு கலக்குறவன். நம்ம ஆளு அதைப் பாத்துட்டான். நீ மறந்துட்டியா?"

உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குண்டன் வாய் திறந்தான். "டேய் பூசணிக்காய்த் தலையா" என்று அவள் தொடங்கினாள். பிறகு ஒரு வரி விடவில்லை. நான் எந்த மாலையில் எதைச் சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை, அவளுக்கு இருந்தது. கிடங்கு மேஸ்திரி பெயர், குத்தூசி, சொத்தைப் பருப்பு, நான் யாரிடமும் சொல்லாத என் ஆத்திரம் எல்லாம் அவள் வாயிலிருந்து முழுத் தமிழில் வந்தது. பொய் என்று தெரிந்த பிறகும் எல்லாவற்றையும் வைத்திருந்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விசிடி பெட்டியை எடுத்துப் படிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

லாத்தா படத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சு இருக்குடா" என்றாள் கடைசியில். "மரியாதைதான் இல்ல. அதை நான் ஒரு மாசத்துல ஏத்திடுவேன். பாஸ்போர்ட்டுக்குக் குடு."

8

பாஸ்போர்ட் வர எட்டு மாதம் ஆயிற்று. அந்தக் கதையை எழுதினால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், வேண்டாம். கிளம்புவதற்குள் லாத்தா கடிதம் கடிதமாக எழுதி மரியாதையை ஏற்றத் தொடங்கியிருந்தாள். விமான நிலையத்தில் ஃபாத்திமா கைகளைக் கட்டிக்கொண்டு, "போயிட்டு வர்றேன் வாப்பா. உடம்பைப் பாத்துக்கோங்க" என்றாள். அழகான தமிழ். ஆனால் வேறு யாருடைய மகளோ பேசுவது போலிருந்தது. நான் தலையை ஆட்டினேன். அந்தப் பழைய வசனத்தைச் சொல்வாளோ என்று கண்ணாடிக் கதவு வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. தெருமுனை மருந்துக்கடைக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவள் அழைப்பாள். இத்தனை மாதமும் "நல்லா இருக்கீங்களா வாப்பா? சாப்பிட்டீங்களா வாப்பா? உம்மா சுகமா?" தான். எத்தனையோ வருடமாக நான் எதற்கு ஏங்கினேனோ அதுதான் காதில் விழுகிறது. ஒவ்வொரு வெள்ளியும் எரிச்சலோடு வீடு திரும்புகிறேன். "என்ன மனுஷன் நீங்க! அது பேசலைன்னாலும் குறை, பேசினாலும் குறை" என்கிறாள் ஆயிஷா.

நேற்று வெள்ளிக்கிழமை. காது தெரியும் புதுப் புகைப்படத்தை ஏற்றுக்கொண்டு, புத்தகத்தில் முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள். மருந்துக்கடையில் என் பின்னால் நாலு பேர் தொலைபேசிக்குக் காத்திருந்தார்கள். ஃபாத்திமா நலம் கேட்டாள், சாப்பாடு கேட்டாள், உம்மாவைக் கேட்டாள். லாத்தா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. டீக்கடையில் பார்த்த ஏணிச் சண்டையைச் சொன்னேன். "அப்படியா வாப்பா" என்றாள். சரி, வைக்கிறேன் என்றேன்.

"ஒரு நிமிஷம்" என்றாள். அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு தொலைபேசியை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு, குசுகுசுவென்று:

"வாப்பா. மறுபடி என் கண்ணுல படு. அப்ப இருக்கு உனக்கு."

மருந்துக்கடைக்காரரும் காத்திருந்த நாலு பேரும் திரும்பிப் பார்க்கும்படி, வந்த அழுகையையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு, நான் தொலைபேசிக்குள் கத்தினேன்:

"வா, பாத்துக்கலாம்!"